பதினொரு வயதின் ஒக்ரோபர்

2025 நவம்பர் 1, சனிக்கிழமை இரவு. ரொறன்ரோ ரொஜர்ஸ் சென்டரில் பேஸ்போல் வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, ஓட்டங்கள் 4-4. மூன்று பேசிலும் புளூ ஜேய்ஸ் ஆட்கள் நிற்கிறார்கள், ஒருவர்தான் அவுட். மூன்றாம் பேசில் நிற்கும் ஐசையா கைனர்-ஃபலேஃபா ஓடி வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டால், 32 வருடங்களுக்குப் பிறகு பட்டம் இந்த நகரத்துக்கு வரும். டோல்டன் வார்ஷோ அடித்த பந்து தரையில் உருண்டு லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸிடம் போனது. அவர் தடுமாறி எடுத்து ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார். கைனர்-ஃபலேஃபா சறுக்கி வந்தார். பந்தைப் பிடித்த வில் ஸ்மித்தின் கால் பிளேட்டை விட்டு ஒரு கணம் எழும்பித் திரும்பப் பதிந்தது. காணொளியைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். அவுட்தான். சில அங்குல இடைவெளி.

மூன்றாம் பேசை விட்டு அவர் ஏன் இன்னும் இரண்டடி முன்னுக்கு வந்து நிற்கவில்லை? அன்றிரவே நகரம் முழுக்க இந்தக் கேள்வி எழுந்தது. விளையாட்டு தெரிந்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். எங்கள் வீட்டிலும் திட்டினார்கள். திட்டாமல் இருந்தது தங்கையின் மகள் மட்டும். அவளுக்கு 11 வயது.

"நேற்றைக்கு பார்ஜர் அவுட்டானவர்தானே மாமா, அதாலதான் பயந்து நிண்டவர்" என்றாள்.

முதல்நாள் வெள்ளிக்கிழமை ஆறாவது ஆட்டம். அதுவும் ஒன்பதாவது இன்னிங்ஸ். 3-1 என்று பின்தங்கியிருந்த புளூ ஜேய்ஸுக்கு இரண்டாம் பேசிலும் மூன்றாம் பேசிலும் ஆள் இருந்தது. ஒருவரும் அவுட் இல்லை. ஏர்னி கிளெமன்ட் முதல் பந்தையே உயர அடித்துப் பிடிகொடுத்தார். அடுத்து ஆன்ட்ரேஸ் ஹிமெனெஸ் அடித்த பந்து இடதுபக்கம் தாழப் பறந்தது. அது நிலத்தில் விழும் என்று நம்பி இரண்டாம் பேசில் நின்ற அடிசன் பார்ஜர் முன்னுக்கு நகர்ந்துவிட்டார். கிகே ஹெர்னாண்டஸ் பாய்ந்து வந்து அதைப் பிடித்து, வந்த வேகத்திலேயே இரண்டாம் பேசுக்கு எறிந்தார். பார்ஜரால் திரும்பி வந்து சேர முடியவில்லை. ஒரே பந்தில் இரண்டு அவுட், ஆட்டமும் முடிந்தது.

பந்து நேரே பிடிபட்டால் திரும்ப முடியாமற் போகும், ஆகவே பேசை ஒட்டியே நிற்கும்படி தனக்குச் சொல்லப்பட்டிருந்தது என்று கைனர்-ஃபலேஃபா பின்னர் சொன்னார். வெள்ளிக்கிழமை ஒருவர் அதிகம் நகர்ந்ததற்கு சனிக்கிழமை இன்னொருவர் நகராமல் நின்று விலை கொடுத்தார். எங்களுக்கு அவை இரண்டு ஆட்டங்கள், இரண்டு வேறு துரதிர்ஷ்டங்கள். மருமகளுக்கோ ஒக்ரோபர் முதற்கிழமையில் தொடங்கிய ஆட்டம் இன்னும் முடியவில்லை. அவள் அந்த மாதம் முழுவதையும் ஒரே ஆட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிளேஓஃப் என்பதை ஒரு பிள்ளை எப்படிப் பார்க்கிறது என்று அந்த மாதத்தில் நான் கிட்ட இருந்து கவனித்தேன். இவ்வளவு காலமும் விளையாட்டு ரசிகர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பிள்ளைகளுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு என்று எனக்குப் படுகிறது. முகத்தில் நிறம் பூசிக்கொண்டு கமராவுக்குக் கை காட்டும் அழகுப் பொருளாகத்தான் அவர்கள் வருகிறார்கள். அந்த முகத்துக்குப் பின்னால் என்ன கணக்கு ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

பெரியவர்கள் தோல்வியை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுதான் ஆட்டம் பார்க்கத் தொடங்குகிறார்கள். என் மச்சான், அவளுடைய தகப்பன், கனடாவுக்கு வந்த புதிதில் 1993 ஒக்ரோபரில் ஜோ கார்ட்டர் அடித்த ஹோம் ரன்னைத் தொலைக்காட்சியில் பார்த்தவர். அதோடு அந்த அணி அவரைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு 22 வருடங்கள் அந்த அணி பிளேஓஃப் பக்கமே போகவில்லை. 2015 இலும் 2016 இலும் வேர்ல்ட் சீரிஸுக்கு ஒரு படி கீழே நின்றது. 2020, 2022, 2023 இல் பிளேஓஃபுக்குப் போய் ஒரு ஆட்டமும் வெல்லாமல் வெளியேறியது. 2022 இல் சியாட்டிலுக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் 8-1 என்று முன்னணியில் இருந்து 10-9 என்று தோற்றதை அவர் முழுவதுமாகப் பார்த்தார். ஆகவே அவர் ஆறாவது இன்னிங்ஸிலேயே "உவங்கள் விட்டுக் குடுப்பாங்கள்" என்று சொல்லத் தொடங்குவார். அணியில் அன்பு குறைந்து சொல்லும் சொல் அல்ல அது. அன்பு இருப்பதால்தான் சொல்கிறார். தோற்றால் தனக்கு முதலே தெரியும் என்று இருக்கலாம். வென்றால் வியப்போடு மகிழலாம். அடிபட்ட மனது தனக்கென்று எடுத்துவைக்கும் காப்புறுதி.

பிள்ளைக்கு அந்தக் காப்புறுதி இல்லை. 2022 இல் அவளுக்கு எட்டு வயது. அந்த ஆட்டம் நடந்தபோது வேறெங்கோ விளையாடிக்கொண்டிருந்தாள். 2024 இல் புளூ ஜேய்ஸ் 74 ஆட்டங்களை மட்டும் வென்று தங்கள் பிரிவில் கடைசியாக வந்ததும் அவளைப் பெரிதாகத் தொடவில்லை. 2025 கோடையில்தான் அவள் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினாள். அணி 94 ஆட்டங்களை வென்றது. நியூ யோர்க் யாங்கீஸும் 94. நேருக்கு நேர் மோதியதில் ரொறன்ரோ கூட வென்றிருந்ததால் பிரிவின் முதலிடம் ரொறன்ரோவுக்கு. பிறகு பிளேஓஃபில் அதே யாங்கீஸை 3-1 என்று வெளியேற்றியது. இதெல்லாம் எவ்வளவு அபூர்வம் என்று அவளுக்குத் தெரியாது. ஒக்ரோபர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அவள் ஒரு ஸ்கோர் புத்தகம் வைத்திருந்தாள். பேஸ்போலில் ஒவ்வொரு பந்தடிப்பையும் ஒரு சிறு பெட்டிக்குள் குறித்துவைக்கும் முறை 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஒவ்வோர் இலக்கம்: பிட்சருக்கு 1, கேட்சருக்கு 2, முதல் பேஸ்காரருக்கு 3. தரையில் உருண்ட பந்தை ஷோர்ட்ஸ்டொப் எடுத்து முதல் பேசுக்கு எறிந்து ஒருவரை அவுட்டாக்கினால் 6-3. மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கு மட்டையை வீசித் தவறவிட்டால் நேரான கே. மட்டையை அசைக்காமல் நின்று பறிகொடுத்தால் திருப்பிப்போட்ட கே. அவளுக்கு இதைப் பழக்கியது தகப்பன். புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவரால் கண்ணை எடுக்க முடியாது. சமையலறைக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து "என்ன நடந்தது?" என்று கேட்பது மற்றவர்களுக்கு முடியும், அவளுக்கு முடியாது. ஒரு பெட்டி வெறுமையாகிவிடும்.

அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் சியாட்டில் மரினர்ஸ் எதிர்ப்பட்டது. முதல் இரண்டு ஆட்டங்களையும் ரொறன்ரோவில் வைத்தே தோற்றார்கள். மச்சான் பேசாமற் போய்ப் படுத்துவிட்டார். சியாட்டிலுக்குப் போய் இரண்டை வென்று, ஐந்தாவதைத் தோற்று, ஆறாவதை வென்று, ஒக்ரோபர் 20 அன்று ஏழாவது ஆட்டத்துக்கு வந்து நின்றார்கள். ஏழாவது இன்னிங்ஸில் 3-1 என்று பின்னுக்கு. இரண்டு பேர் பேசில் நிற்க, ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த பந்து இடதுபக்கச் சுவரைத் தாண்டிப் போனது. 4-3. ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசி அவுட்டை ஜெஃப் ஹொஃப்மன் எடுத்தார். எங்கள் தெருவில் கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. ஸ்காபரோவின் ஒரு சாதாரண தெரு அது. இரவு பதினொன்றரைக்குப் பிறகு அங்கே வழக்கமாக ஒரு சத்தமும் இராது.

ஸ்பிரிங்கருக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். அதை மறைக்காமல், திக்கிப் பேசும் பிள்ளைகளுக்காக வருடக்கணக்காக வேலை செய்கிறார், நிதி சேர்க்கிறார். ஆட்டம் முடிந்து அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றபோது மருமகள் எங்களையெல்லாம் கையமர்த்தி மௌனமாக்கினாள். அவளுடைய வகுப்பில் அப்படிப் பேசும் பெடியன் ஒருவன் இருக்கிறான். "அவன் இதைப் பாத்துக்கொண்டிருப்பான்" என்றாள்.

அடுத்த நாள் காலை, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அவள் கேட்ட கேள்வி என்னைச் சரியாகப் பிடித்து உலுக்கியது. "சியாட்டில் பிள்ளையள் இண்டைக்குப் பள்ளிக்கூடம் போவினமா, மாமா?"

சியாட்டில் மரினர்ஸும் ரொறன்ரோ புளூ ஜேய்ஸும் 1977 இல் ஒரே வருடத்தில் லீக்கில் சேர்ந்த அணிகள். ரொறன்ரோ 1992 இலும் 1993 இலும் பட்டம் வென்றது. இன்றிருக்கும் 30 அணிகளில் ஒரு தடவைகூட வேர்ல்ட் சீரிஸ் விளையாடாதது சியாட்டில் ஒன்றுதான். அன்று அவர்கள் எட்டு அவுட் தூரத்தில் நின்றார்கள். அங்கும் ஒரு வீட்டில் ஒரு பிள்ளை, ஒரு புத்தகத்தில் ஸ்பிரிங்கரின் ஹோம் ரன்னைக் குறித்துவிட்டுப் பென்சிலை வைத்திருக்கும். எங்கள் பெரியவர்கள் யாருக்கும் அந்தப் பிள்ளை ஞாபகத்துக்கு வரவில்லை. வென்றவர்களின் வீட்டில் தோற்றவர்களின் பிள்ளையைப் பற்றி ஒரு பிள்ளைதான் கேட்டது. இதை நான் இரக்க குணம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. முழுக்கக் கையை விட்டு ஆசைப்பட்டவருக்குத்தான் அந்த ஆசை முறிந்தால் எப்படி இருக்கும் என்று கணக்கிடவும் முடியும்.

வேர்ல்ட் சீரிஸின் மூன்றாவது ஆட்டம் லொஸ் ஏஞ்சலிஸில், ஒக்ரோபர் 27, திங்கட்கிழமை. இங்கே தொடங்கும்போது இரவு எட்டு மணி தாண்டிவிட்டது. ஏழாவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸின் ஷோஹெய் ஒஹ்தானி அன்றைய தன் இரண்டாவது ஹோம் ரன்னை அடித்து 5-5 ஆக்கினார். தங்கை தொலைக்காட்சியைக் காட்டி, "காணும், விடியப் பள்ளிக்கூடம்" என்றாள். மருமகள் அழுதுகொண்டே படியேறினாள். அதற்குப் பிறகு பத்து இன்னிங்ஸ் ஒருவரும் ஓட்டம் எடுக்கவில்லை. பதினெட்டாவது இன்னிங்ஸில், எங்கள் நேரம் விடியற்காலை மூன்று மணி ஆகப்போகிற வேளையில், டொட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்த ஹோம் ரன் அதை முடித்துவைத்தது. ஆறரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடிய ஆட்டம். ஒஹ்தானி ஒன்பது தடவை பேஸ் ஏறினார். அவருக்குப் பந்தெறியவே பயந்து நான்கு தடவை வேண்டுமென்றே முதல் பேசைக் கொடுத்தார்கள். மச்சான் கடைசிவரை இருந்து பார்த்தார்.

காலையில் அவளுடைய புத்தகத்தில் பதினொரு இன்னிங்ஸ் வெறுமையாகக் கிடந்தன. தகப்பனை எழுப்பி, பள்ளிக்கூடம் போகுமுன் பாதியும் வந்தபின் மீதியும் சொல்லவைத்து நிரப்பினாள். அவர் மறந்த இடங்களை வலைத்தளத்தில் தேடிக் கண்டுபிடித்தாள். அமெரிக்க வரலாற்றாசிரியர் டோரிஸ் கேர்ன்ஸ் குட்வின் தன் சிறுமிப் பருவத்தைப் பற்றி எழுதிய நூல் ஒன்று இருக்கிறது. நியூ யோர்க்குக்கு வெளியே லோங் ஐலண்டில், புரூக்ளின் டொட்ஜர்ஸ் ரசிகையாக வளர்ந்தவர். தகப்பன் ஸ்கோர் எழுதப் பழக்கியிருக்க, அவர் வேலைக்குப் போயிருக்கும் பகல்களில் குட்வின் வானொலியில் ஆட்டம் கேட்டுக் குறித்துவைப்பார். தகப்பன் மாலையில் வந்ததும் இன்னிங்ஸ் இன்னிங்ஸாகச் சொல்வார். கதை சொல்லக் கற்றுக்கொண்டது அங்கேதான். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. தகப்பன் சொல்ல மகள் எழுதினாள்.

ஏன் தலைகீழானது என்பதற்குக் காரணம் உண்டு, அதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். குட்வின் சிறுமியாக இருந்த 1950களில் வேர்ல்ட் சீரிஸ் பகலில் நடந்தது. 1971 ஒக்ரோபர் 13, பிற்ஸ்பர்க்கில்தான் முதன்முதலாக ஒரு வேர்ல்ட் சீரிஸ் ஆட்டத்தை இரவில் வைத்தார்கள். இரவில் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் அதிகம், விளம்பரக் காசும் அதிகம். பிறகு ஒவ்வொன்றாக இரவுக்கு நகர்த்தினார்கள். பகலில் தொடங்கிய கடைசி வேர்ல்ட் சீரிஸ் ஆட்டம் 1987 இல் மினியாபொலிஸில் நடந்தது. அதுவும் கூரையிட்ட மைதானத்துக்குள். வெயிலைக் கண்டிராத பகல் ஆட்டம். அதன்பின் பிறந்த பிள்ளைகள் எவரும் வேர்ல்ட் சீரிஸை மத்தியான வெளிச்சத்தில் பார்த்ததில்லை. வருடத்தின் மிகப் பெரிய ஆட்டங்களை, அவற்றை மிகத் தீவிரமாகப் பார்க்கக்கூடியவர்கள் நித்திரைக்குப் போகும் நேரத்தில் வைக்கிறார்கள். பிறகு, இளையவர்கள் இந்த விளையாட்டைப் பார்ப்பதில்லை என்று கவலைப்படுகிறார்கள். 2023 இல் பந்தெறிய நேரக்கட்டுப்பாடு கொண்டுவந்து ஆட்டங்களைச் சுருக்கினார்கள், நல்ல காரியம். ஆனால் கிழக்குக் கரையில் எட்டு மணிக்குத் தொடங்குவதை ஒரு சனிக்கிழமையாவது நான்கு மணிக்கு மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

அந்தத் தொடரில் அவளுக்கு முழு இன்பத்தைக் கொடுத்தது ஐந்தாவது ஆட்டம். ட்ரே யெசாவேஜ் என்ற 22 வயதுப் பிட்சர். ஏப்ரலில் மிகக் கீழ்நிலை அணியொன்றில் சில நூறு பேருக்கு முன்னால் எறிந்துகொண்டிருந்தவர், ஒவ்வொரு படியாக ஏறி செப்ரெம்பர் நடுப்பகுதியில்தான் பெரிய அணிக்கு வந்தார். அன்று டொட்ஜர்ஸின் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஒருவருக்கும் இலவசமாக பேஸ் கொடுக்கவில்லை. வேர்ல்ட் சீரிஸில் ஒரு புதியவர் இப்படிச் செய்தது அதுவரை இல்லை. அவளுடைய புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் கே எழுத்துகள் வரிசை கட்டி நிற்கின்றன. 6-1 என்று வென்று, தொடரில் 3-2 என்று முன்னணியில், ரொறன்ரோவுக்குத் திரும்பினார்கள். இன்னும் ஒரேயொரு வெற்றி.

வெள்ளிக்கிழமை ஹலோவீன். எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப்பேர் புளூ ஜேய்ஸ் வீரர் குரேரோவின் 27ஆம் இலக்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு இனிப்பு வாங்க வந்தார்கள். அன்று நடந்ததைச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை மூன்றாவது இன்னிங்ஸில் போ பிஷெட் ஒஹ்தானியின் பந்தை அடித்து மூன்று ஓட்டங்கள் எடுத்துக் கொடுத்தார். செப்ரெம்பர் தொடக்கத்தில் முழங்கால் காயத்தோடு விலகியவர், வேர்ல்ட் சீரிஸுக்குத்தான் திரும்பியிருந்தார்; ஓடவே சிரமப்பட்டார். ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-3 என்று முன்னணி. டொட்ஜர்ஸில் ஒருவர் அவுட். இன்னும் இரண்டே இரண்டு. பந்தெறிந்தவர் ஹொஃப்மன், சியாட்டிலின் கடைசி அவுட்டை எடுத்த அதே ஹொஃப்மன். அடித்தவர் ரோஹாஸ். 36 வயது, ஹோம் ரன்னுக்காக ஒருவரும் அஞ்சும் ஆள் அல்ல. பந்து இடதுபக்கச் சுவரைத் தாண்டியது. பதினோராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித்தின் ஹோம் ரன். பிறகு எங்கள் முறை: குரேரோ இரண்டாம் பேஸ் வரை ஓடினார், மூன்றாம் பேசுக்கு நகர்த்தப்பட்டார். முதல் பேசில் பார்ஜர். முதல்நாள் 96 பந்துகள் எறிந்த டொட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ ஒருநாள் ஓய்வுமின்றி அப்போதும் எறிந்துகொண்டிருந்தார். அலெஹாண்ட்ரோ கேர்க்கின் மட்டை முறிந்தது. பந்து மூக்கி பெட்ஸிடம் உருண்டது. அவர் இரண்டாம் பேசை மிதித்துவிட்டு முதல் பேசுக்கு எறிந்தார். 5-4. நேரம் நள்ளிரவைத் தாண்டியிருந்தது.

அவள் எழுதினாள். 6-3, இரட்டை அவுட். பெட்டியை மூடி அடியில் கோடு இழுத்தாள். அதன்பிறகுதான் அழுதாள்.

அடுத்து வீட்டில் நடந்ததைத்தான் நான் அதிகம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெரியவர்கள் ஒவ்வொருவராக ஆறுதல் சொல்ல வந்தோம். "விளையாட்டுத்தானே அம்மா" என்றாள் தங்கை. "இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விசயம்" என்றார் மச்சான். அம்மம்மா, ஏழு ஆட்டங்களையும் அவளோடு இருந்து பார்த்தவர், பேசாமல் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். நான், "அடுத்த வருசம் பாப்பம்" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, அழுகைக்கு நடுவே மிகத் தெளிவாகக் கேட்டாள்:

"அடுத்த வருசம் இதே ஆக்களா விளையாடுவினம்?"

ஒருவராலும் ஆம் என்று சொல்ல முடியவில்லை. பிஷெட்டின் ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது என்பது எங்களுக்குத் தெரியும். அன்றைய ஆட்டத்தைத் தொடக்கிவைத்த மக்ஸ் ஷேர்சருக்கு வயது 41. பெரியவர்களுக்கு ஒரு அணி என்பது ஒரு பெயரும் ஒரு நிறமும். ஆட்கள் வருவார்கள், போவார்கள், வருடம் சுழன்று வரும். அவளுக்கு அணி என்றால் இந்த 26 பேர், இந்த ஒக்ரோபர். அவள் அழுதது ஒரு பட்டத்துக்காக என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அந்த 26 பேரும் இனி ஒருநாளும் ஒன்றாக ஒரு களத்தில் நிற்க மாட்டார்கள் என்பதற்காக அழுதாள். நாங்கள் சொன்ன ஆறுதல்கள் எங்களை ஆற்றுவதற்கானவை. அவளுடைய துக்கம் அவற்றைவிடச் சரியான கணிப்பாக இருந்தது.

"அடுத்த வருசம்" என்பதைத் தாரக மந்திரமாக வைத்திருந்த ஊர் ஒன்று இருந்தது, அது இந்த டொட்ஜர்ஸின் ஊர்தான். மருமகள் வெறுக்கும் நீலச் சட்டை 1957 வரை நியூ யோர்க்கின் புரூக்ளினுக்குச் சொந்தம். 1941, 1947, 1949, 1952, 1953 என்று ஐந்து முறை வேர்ல்ட் சீரிஸுக்குப் போய், ஐந்து முறையும் யாங்கீஸிடமே தோற்றார்கள். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் தகப்பன்மார் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். 1951 இல் வேர்ல்ட் சீரிஸ் வரைக்கும் போகவே இல்லை. ஓகஸ்ட் நடுப்பகுதியில் அதே நகரின் ஜயன்ட்ஸ் அணியை விட பதின்மூன்றரை ஆட்டம் முன்னுக்கு நின்றவர்கள், பருவ முடிவில் சமநிலையில் மாட்டி, மூன்று ஆட்டப் பிளேஓஃபில் இறங்க வேண்டியதாயிற்று. ஒக்ரோபர் 3 அன்று கடைசி ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் 4-2 என்று முன்னணியில் இருக்கும்போது, ரால்ஃப் பிராங்காவின் பந்தில் பொபி தொம்சன் அடித்த ஹோம் ரன் மூன்று ஓட்டங்களைக் கொண்டுவந்தது. அப்போது குட்வினுக்கு எட்டு வயது. ஜயன்ட்ஸ் அந்தப் பருவத்தில் தங்கள் மைதானத்தில் தொலைநோக்கி வைத்து எதிரணிக் கேட்சரின் சைகைகளைத் திருடியது 2001 இல்தான் செய்தித்தாளில் விரிவாக வெளிவந்தது. அன்று அழுத பிள்ளைகளுக்கு அப்போது அறுபது வயது ஆகிக்கொண்டிருந்தது. அவர்களில் பலர் ஐம்பது வருடம் கழித்தும் அந்தச் செய்தியை எழுத்தெழுத்தாக வாசித்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவர்களுடைய அடுத்த வருடம் 1955 ஒக்ரோபர் 4 அன்று வந்தது. சில நாட்களுக்கு முன்தான் 23 வயதை எட்டியிருந்த ஜொனி பொட்ரெஸ் ஏழாவது ஆட்டத்தில் யாங்கீஸுக்கு ஒரு ஓட்டமும் கொடுக்காமல் 2-0 என்று வென்று கொடுத்தார். புரூக்ளினின் முதற் பட்டம், கடைசிப் பட்டமும் அதுவே. இரண்டு வருடத்தில் உரிமையாளர் வோல்ட்டர் ஓமலி அணியையே லொஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டுபோனார். எபெட்ஸ் ஃபீல்ட் மைதானத்தை 1960 இல் இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். காத்திருந்த பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் உண்மையாகவே வந்தது. அதற்கடுத்த வருடங்கள்தான் எடுத்துக்கொண்டு போகப்பட்டன.

இதை நான் மருமகளுக்குச் சொன்னேன், ஆறுதலாக அல்ல. அவள் கேட்கத் தகுதியானவள் என்பதால் சொன்னேன். "அப்ப உவங்கள் அந்தப் பிள்ளையளிட்ட இருந்து பறிச்ச டீம்" என்றாள். டொட்ஜர்ஸைப் பற்றி அவளுக்கு இருந்த கோபம் ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டது. புரூக்ளினில் இப்போது அந்தப் பிள்ளைகள் யாரும் உயிரோடு இருப்பார்களா என்று கேட்டாள். இருப்பார்கள், எண்பது வயதைத் தாண்டி இருப்பார்கள் என்றேன். அவர்கள் யாருக்காகக் கத்தியிருப்பார்கள், டொட்ஜர்ஸுக்கா எங்களுக்கா என்று கேட்டாள். நெடுநேரம் இருந்து அதைப் பற்றிப் பேசினோம். இருவரும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

ஜனவரியில் பிஷெட் நியூ யோர்க் மெட்ஸ் அணிக்குப் போனார். குரேரோவும் அவரும் பேஸ்போல் வீரர்களின் மகன்கள், பத்தொன்பது இருபது வயதுக்கு முன்பே கீழ்நிலை அணிகளில் ஒன்றாக விளையாடி ஒன்றாக மேலே வந்தவர்கள். செய்தி வந்த அன்று மச்சான், "காசுதான் எல்லாம்" என்று அலுத்துக்கொண்டார். மருமகளுக்கு அது அதிர்ச்சியாக இருக்கவில்லை. அதற்கான அழுகையை அவள் நவம்பரிலேயே அழுது முடித்திருந்தாள்.

அவளுக்கு இப்போது வேறு வேலை இருக்கிறது. யோமியுரி ஜயன்ட்ஸில் விளையாடிய கஸுமா ஒகமோட்டோவை புளூ ஜேய்ஸ் ஜப்பானிலிருந்து கொண்டுவந்திருக்கிறது. அவர் டோக்கியோவில் அடித்த ஹோம் ரன்களைத் தேடி எடுத்துப் பார்த்து, ஹிமெனெஸ் ஷோர்ட்ஸ்டொப்புக்குப் போனால் இரண்டாம் பேசில் கிளெமன்ட்தான் நிற்க வேண்டும், ஒகமோட்டோ குரேரோவுக்குப் பின்னால் அடிக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே எழுதி வைத்திருக்கிறாள். பெப்ரவரி பிற்பகுதியில் ஃப்ளோரிடாவின் டனீடனில் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கும். கணக்கில் சேராத ஆட்டங்கள். அவற்றைப் பெரும்பாலும் பட்டப்பகலில், மத்தியானம் ஒரு மணிக்கு வைக்கிறார்கள், பள்ளிக்கூட நேரத்தில். ஓர் ஆட்டத்தன்றாவது வீட்டில் நிற்க விடும்படி அவள் இப்போதே தாயோடு பேசத் தொடங்கிவிட்டாள். தங்கை இன்னும் ஒரு பதிலும் சொல்லவில்லை.